பத்தாயத்துத் தானியம் யாருடையது?

2025 மே மாதத்தில் ரோமாபுரியில் புதிய போப்பாண்டவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்காவில் பிறந்து பெரு நாட்டில் பல ஆண்டுகள் பணியாற்றிய அவர், பதினான்காம் லியோ என்று பெயர் சூட்டிக்கொண்டார். லியோ என்பதைத்தான் தமிழ்க் கத்தோலிக்கர் சிங்கராயர் என்று வழங்கினார்கள். ஏன் இந்தப் பெயர் என்பதற்கு இரண்டே நாளில் அவரே காரணம் சொன்னார். பதிமூன்றாம் லியோ 1891-ல் ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலில் தொழிலாளர் பிரச்சினையைப் பற்றிப் பேசினார். இன்று செயற்கை அறிவு யந்திரங்கள் உழைப்பாளிக்கு மறுபடியும் சோதனையைக் கொண்டுவந்திருக்கின்றன. அதனால்தான் அந்தப் பெயர் என்றார்.

அந்தச் சுற்றுமடலைத் தொழிலாளியின் சாசனம் என்று கொண்டாடுவோர் உண்டு. முதலாளிக்குத் தைத்துக் கொடுத்த கவசம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடும் தோழர்களும் உண்டு. இரண்டும் அவசரத் தீர்ப்பு என்றே நான் சொல்வேன். பக்கத்துத் தறியில் நிற்கும் கிறிஸ்தவத் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பேச்சைக் கேட்கிறான். திங்கட்கிழமை சங்கத்தின் பேச்சைக் கேட்கிறான். அவனோடு பேச வேண்டுமானால், அவனுடைய மதம் சொத்தைப் பற்றி முதலில் என்ன சொன்னது, பிறகு என்ன சொன்னது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விஷயம் 1891-ல் தொடங்கவில்லை. எருசலேமில் முதல் கிறிஸ்தவர்கள் நிலத்தையும் வீட்டையும் விற்றுப் பணத்தைப் பொதுவில் வைத்தார்கள், அவரவர் தேவைக்குத் தக்கபடி பங்கிடப்பட்டது என்று பைபிளே சொல்கிறது. யாக்கோபின் நிருபம் இன்னும் காரமானது. வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் குரல் ஆண்டவனின் காதுக்கு எட்டிவிட்டது என்று அது பணக்காரரை எச்சரிக்கிறது. களத்துமேட்டில் மரக்கால் குறைத்து அளக்கப்பட்ட எந்தப் பண்ணையாளுக்கும் இதற்குப் பொழிப்புரை வேண்டாம்.

இன்றைய துருக்கியில் கைசேரி என்று ஒரு நகரம் இருக்கிறது. அந்நாளில் அதன் பெயர் செசரியா. 368, 369-ம் ஆண்டுகளில் அங்கே மழை பொய்த்துப் பயிர் கருகியது. கடற்கரையிலிருந்து தூரத்தில் இருந்த உள்நாட்டு நகரம் அது. வெளியூர்த் தானியம் வந்து சேருவது லேசல்ல. ஆனால் உள்ளூரில் தானியமே இல்லாமல் போய்விடவில்லை. பத்தாயத்தில் இருந்தது! விலை இன்னும் ஏறட்டும் என்று உடையவர்கள் பூட்டி வைத்திருந்தார்கள்.

அந்த ஊரில் பசிலியார் என்று ஒரு பாதிரியார். ஏழை வீட்டுப் பிள்ளையல்ல; நிலபுலமுள்ள பெரிய குடும்பத்தில் பிறந்தவர். பின்னால் 370-ல் அந்நகரின் பிஷப் ஆனார். சுவிசேஷத்தில் ஒரு பணக்காரன் கதை வருகிறது. விளைச்சல் மிஞ்சிவிட்டது, பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டுவேன் என்று அவன் மனக்கோட்டை கட்டுகிறான், அன்று இரவே அவன் உயிர் போகிறது. இந்தக் கதையை எடுத்துக்கொண்டு பசிலியார் செய்த பிரசங்கம் பதினாறு நூற்றாண்டு கழித்தும் சூடு ஆறாமல் இருக்கிறது. நீ ஒளித்து வைத்திருக்கும் ரொட்டி பசித்தவனுடையது என்றார். பெட்டியில் மடித்து வைத்திருக்கும் அங்கி, உடுக்கத் துணியில்லாதவனுடையது என்றார். என்னுடையதை நான் வைத்திருக்கிறேன், இதில் என்ன குற்றம் என்று கேட்பவனுக்கு ஓர் உவமை சொன்னார். நாடகக் கொட்டகைக்கு முதலில் வந்துவிட்டவன், எல்லோருக்குமான இடத்தைத் தனக்கே சொந்தமாக்கிக்கொண்டு மற்றவர்களை உள்ளே வரவிடாமல் தடுப்பதைப்போல இருக்கிறது உன் நியாயம் என்றார்.

அதே பிரசங்கத்தில், தானியம் வாங்குவதற்காகப் பெற்ற பிள்ளையை விற்கப் போகும் தகப்பனைக் காட்டுகிறார். மூத்தவனை விற்பதா, கடைக்குட்டியை விற்பதா என்று அவன் தவிக்கிறான். வாங்க வந்தவனோ விலையைக் குறைத்துப் பேரம் பேசுகிறான். பஞ்சம் கண்ட எந்த நாட்டு உழைப்பாளியும் இந்தக் காட்சியை அடையாளம் கண்டுகொள்வான். பசிலியார் வெறும் பேச்சோடு நின்றுவிடவுமில்லை. களஞ்சியங்களைத் திறக்க வைத்தார். ஊர் நடுவே அண்டா வைத்துக் கஞ்சி ஊற்றினார். நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் பெரிய விடுதி எழுப்பினார்.

மிலான் நகரின் பிஷப்பாக 374-ல் வந்த அம்புரோசியார், ஏழை நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ராஜா பறித்த பைபிள் கதையை எடுத்துக்கொண்டார். இது பழங்கதையல்ல, தினமும் நடப்பது என்றார். ஏழைக்கு நீ கொடுப்பது உன் பொருளல்ல, அவனுடையதை அவனுக்கே திருப்பித் தருகிறாய் என்பது அவருடைய வாதம். கான்ஸ்டாண்டிநோபிளின் பிஷப்பாக இருந்த ஜான் கிறிஸோஸ்டம், வெள்ளியில் மலச்சட்டி செய்து வைத்துக்கொண்ட சீமாட்டிகளைக் கூசாமல் கண்டித்தவர். ஏழைக்குப் பங்கு கொடுக்காமலிருப்பது களவு என்றார். அரண்மனையின் பகை வந்தது. 404-ல் நாடு கடத்தினார்கள். 407-ல் பட்டாளம் இழுத்துச் சென்ற வழியிலேயே இறந்தார்.

இதற்காக இவர்கள் கையில் செங்கொடியைத் திணிக்க வேண்டியதில்லை. உள்ளதை உள்ளபடி சொல்வோம். அன்றைய சமுதாயம் அடிமைகளின் உழைப்பில் நின்றது. பசிலியாரின் தம்பி, நீசா நகரின் கிரகோரியார், மனிதனுக்கு விலை வைக்க நீ யார் என்று அடிமைச் சொந்தக்காரனைக் கேட்டார். அப்படிக் கேட்டவர்கள் அபூர்வம். ரோஸா லக்ஸம்பர்க் 1905-ல் எழுதிய பிரசுரத்தில் இந்தக் குறையைச் சரியாகப் பிடித்தார். அவர்கள் பொதுவாக்கியது உண்ணும் பண்டத்தை. உற்பத்திச் சாதனங்களை அல்ல. பணக்காரன் இன்று பத்தாயத்தைத் திறந்துவிட்டாலும் வயல் அவனிடமே இருக்கிறது. அடுத்த அறுப்பில் பத்தாயம் மறுபடி நிறையும். கூலியாள் மறுபடி வாசலில் நிற்பான்.

பிறகு திருச்சபையே பெரிய நிலப்பிரபு ஆயிற்று. ஐரோப்பாவின் குடியானவன் அதற்குத் தசமபாகம் அளந்தான். நிலமுடைய ஸ்தாபனத்தின் வாயில் பழைய பேச்சு எப்படி வரும்? கடன் என்று சொல்லப்பட்டது தருமம் என்று ஆகிவிட்டது. கடன் என்றால் உரியவன் வந்து கேட்கலாம். தருமம் என்றால் கையேந்தி நிற்க வேண்டும். பதிமூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் மட்டும், உயிர் போகும் பசியில் ஒருவன் பிறர் பொருளை எடுத்தால் அது திருட்டாகாது என்று எழுதி வைத்தார்.

இனி 1891. அந்த ஆண்டு மே தினத்தன்று வட பிரான்ஸில் ஃபூர்மி என்ற மில் நகரத்தில், எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர்கள் ஊர்வலம் போனார்கள். பட்டாளம் சுட்டது. ஒன்பது பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருத்தி பதினெட்டு வயது மில் பெண் மரியா புளோந்தோ. உள்ளூர்ப் பாதிரியார் வெளியே ஓடிவந்து சுடுவதை நிறுத்தும்படி மன்றாடினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பதினான்கு நாள் கழித்து, மே 15-ல், ரேரும் நோவாரும் வெளிவந்தது. கம்யூனிஸ்டு அறிக்கை வந்து நாற்பத்துமூன்று ஆண்டு ஆகியிருந்தது.

அதில் என்ன இருக்கிறது? தொழிலாளியை வெறும் பணம் பண்ணும் கருவியாக நடத்துவது வெட்கக்கேடு. கூலி ஒப்பந்தத்தில் அவன் சம்மதித்துவிட்டான் என்பது மட்டும் நியாயமாகாது, கூலி அவன் பிழைப்புக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். பிள்ளைகளைக் கசக்கக் கூடாது. சங்கம் அமைக்க உரிமை உண்டு. யாக்கோபின் எச்சரிக்கையும் அதில் எடுத்துக் காட்டப்படுகிறது. நல்லது. ஆனால் அஸ்திவாரம் வேறு. தனிச்சொத்து இயற்கை உரிமை, அதில் கை வைக்கக் கூடாது. வர்க்கங்கள் ஒன்றுக்கொன்று இணங்கிப் போக வேண்டும் என்பதே அதன் தூண். மிஞ்சியதை ஏழைக்குக் கொடுப்பது கடமைதான். ஆனால், உயிர் போகும் அவசரம் தவிர, அது அன்பின் கடமையே அன்றி நீதியின் கடமையல்ல, சட்டத்தைக் கொண்டு வசூலிக்க முடியாது என்கிறது. பசிலியார் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

அதற்குப் பின் வந்த காலம் கசப்பானது. உண்மையான சோஷலிஸ்டாகவும் நல்ல கத்தோலிக்கனாகவும் ஒருசேர இருக்க முடியாது என்று 1931-ல் போப்பாண்டவர் சொன்னார். 1949-ல் வந்த கட்டளைப்படி, கம்யூனிஸ்டுப் பத்திரிகையைப் படிப்பதற்கே தடை! பிரான்ஸில் ஆலைக்குள் போய்க் கூலி வேலை செய்து தொழிலாளியோடு தொழிலாளியாக வாழ்ந்த பாதிரிமாரை 1954-ல் வெளியே வரச் சொன்னார்கள். சிலர் பணிந்தார்கள், சிலர் ஆலையை விட மறுத்தார்கள். 1965-ல்தான் அந்தக் கதவு மறுபடி திறந்தது.

பழைய குரல் திரும்பி வந்ததும் அந்தச் சமயத்தில்தான். 1967-ல் ஆறாம் பவுல் போப்பாண்டவர் அம்புரோசியாரை மேற்கோள் காட்டி, தனிச்சொத்து நிபந்தனையற்ற உரிமையல்ல என்று எழுதினார். சும்மா கிடக்கும் பெரும் பண்ணைகளைப் பொது நன்மைக்காக எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒப்புக்கொண்டார். 1981-ல் இரண்டாம் ஜான் பால், மூலதனத்துக்கு முன்னே உழைப்பு என்று எழுதினார். கம்யூனிஸத்துக்குப் பரம விரோதியான அவரே எழுதினார். 2013-ல் பிரான்சிஸ் போப்பாண்டவர் கிறிஸோஸ்டமின் களவு வாதத்தை மீண்டும் எடுத்து வைத்தார். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் உழுபவனும் ஏழையும் எழுந்து நின்ற பிறகுதான் ரோமாபுரியில் பழைய புத்தகங்கள் தூசி தட்டப்பட்டன என்பது என் கருத்து. எல் சால்வடாரில் அந்த ஏழைகளின் பக்கம் பேசிய ஆர்ச்பிஷப் ரொமேரோ, 1980 மார்ச் 24-ல் பூசை செய்துகொண்டிருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆகவே கிறிஸ்தவத் தோழனிடம் மதத்தை விடு, பிறகு சங்கத்துக்கு வா என்று சொல்வது மடமை. உன் பசிலியார் சொன்னதை உன் முதலாளியிடம் போய்க் கேள், நாங்களும் கூட வருகிறோம் என்று சொல்லலாம். திருச்சபையிடமும் கேட்கலாம். அதன் ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிகளிலும் கூட்டிப் பெருக்கவும் சமைக்கவும் காவல் காக்கவும் கூலிக்கு ஆட்கள் இருக்கிறார்கள். 1971-ல் ரோமாபுரியில் கூடிய பிஷப்புகளின் மாமன்றம், நீதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் தாங்கள் நீதியோடு நடக்க வேண்டும், திருச்சபைக்கு உழைப்போருக்குப் போதுமான ஊதியமும் பாதுகாப்பும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. அப்படிப்பட்ட நிர்வாகத்துக்கு அடுத்த முறை கோரிக்கை மனு எழுதும்போது, அந்தத் தீர்மானத்தையும் யாக்கோபின் நிருபத்தையும் மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.