ஏஸ் ஜோடிக்குக் காத்திருப்பவர்கள்

போக்கர் போட்டிக்குப் போகிறவனுக்கு எல்லோரும் சொல்லும் புத்திமதி ஒன்றுதான். "பொறுமையா உக்காரு. நல்ல சீட்டு வர்ற வரைக்கும் கவுத்துப் போட்டுக்கிட்டே இரு. வந்ததும் மொத்தத்தையும் தள்ளு." பாரிசில் இருக்கும் என் தம்பி மகன், லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்காக மூன்று வருடமாகப் பணம் சேர்க்கிறான். அவன் காதிலும் இதையேதான் ஓதுகிறார்கள். சூதாட்டமே கூடாது என்று சொல்லுங்கள், அது வேறு வழக்கு. அதில் எனக்கும் பாதிச் சம்மதம் உண்டு. ஆனால் போவதென்று முடிவு செய்தவனிடம் இதைச் சொல்லி அனுப்புவது, பணத்தைக் கடலில் போட்டுவிட்டு வா என்பதற்குச் சமம்.

அந்தப் போட்டியின் கட்டணம் 10,000 டாலர். தோற்றால் மறுபடி பணம் கட்டி உட்கார முடியாது. ஆளுக்கு 60,000 சிப்ஸ் கொடுக்கிறார்கள். தொடக்கத்தில் கட்டாயப் பந்தயம், அதாவது பிளைண்ட், 100-ம் 200-ம்தான். பெரிய பிளைண்டைப் போல 300 மடங்கு கையில் இருக்கிறது. பிளைண்ட் ஏறுவதோ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. டீப் ஸ்டாக் என்பது இதுதான். கைப்பேசியில் ஆடும் அவசரப் போட்டிகளில் சில நிமிடத்துக்கு ஒரு தரம் பிளைண்ட் ஏறி, கையில் 20 பிளைண்ட் மிஞ்சினால் பெரிது. அங்கே தள்ளு அல்லது கவிழ் என்பது சரியான ஆட்டம். அங்கே கற்றதை இங்கே கொண்டுவருவதுதான் கோளாறு.

கணக்கைப் பாருங்கள். கையில் வரும் இரண்டு சீட்டும் ஏஸாக இருப்பது 221 கைக்கு ஒரு தடவை. ஆள் உட்கார்ந்து சீட்டுப் போடும் மேசையில் மணிக்கு 25, 30 கை நடக்கும். பத்து மணி நேரம் ஆடினால் சராசரியாக ஒரே ஒரு தடவை. அந்த ஒன்றுக்காகப் பகலெல்லாம் தவமிருந்து 60,000-ஐயும் தள்ளினால், மற்ற எட்டுப் பேரும் கவிழ்த்துவிடுவார்கள். கிடைப்பது சில நூறு சிப்ஸ். சரி, மூன்று பொதுச் சீட்டு விழுந்த பிறகு தள்ளினால்? வெறும் ஏஸ் ஜோடிக்கு எதிராக 60,000-ஐ வைக்கத் துணிகிறவன் யார்? பெரும்பாலும் 4 ஜோடியோடு நுழைந்து மூன்றாவது 4-ஐப் பிடித்தவன்தான்.

அந்த 4 ஜோடிக்காரனை நம் அனுபவஸ்தர்கள் முட்டாள் என்பார்கள். மூன்றாவது 4 அங்கே விழுவது ஏறக்குறைய எட்டரைக்கு ஒன்று. 500 கொடுத்துப் பார்த்தான். எதிரே 60,000 இருந்தது. கையில் 4,000 மட்டும் உள்ள ஆட்டத்தில் அதே 500 வீண் செலவு. சீட்டு அதேதான், ஆழம் மாறியதும் விலை மாறிவிட்டது.

அதைவிடப் பெரிது இருக்கை. கடைசியாகப் பேசும் இடம் சுற்றி வரும். அலுவலகத்தில் கோப்பு கடைசியாக வந்து சேரும் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் எழுதிய குறிப்பையும் படித்துவிட்டுத்தான் அவர் பேனாவைத் திறப்பார். போக்கரில் நாலு தடவை பந்தயம் கட்டலாம். நாலாவது தடவையிலும் வைக்கச் சிப்ஸ் இருந்தால்தான் அந்த மேசைக்கு மதிப்பு. அந்த இடத்தில் இருந்துகொண்டு சுமாரான சீட்டையும் ஆடத் தெரியாதவன், கட்டிய பணத்தில் பாதியை உபயோகிக்கவே இல்லை.

"காத்திருந்தால் என்ன நஷ்டம்? பிளைண்ட் சின்னதுதானே" என்பார்கள். முதல் நாளில் நஷ்டமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலிவாகப் பார்க்கக் கிடைக்கும் நேரமும் அதுதான். பெரிய பிளைண்ட் 3,000 ஆனதும் அதே 60,000 வெறும் 20 பிளைண்ட். அப்போது பொறுமைசாலிக்குத் தள்ளுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

பாஸ்கலை எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் கடவுளைப் பற்றி எழுதியவராகத்தான் நடத்தினார்கள். சூதாட்டக் கணக்கும் போட்டவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பாதியில் நின்ற ஆட்டத்தின் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று அவரும் ஃபெர்மாவும் 1654-ல் கடிதம் எழுதிக்கொண்டார்கள். இதுவரை ஜெயித்ததைப் பார்க்காதே, இனி என்னென்ன நடக்கக்கூடும் என்று எண்ணு என்பதே அவர்கள் கண்ட வழி. இந்தப் போட்டிக்கும் அது பொருந்தும். 2023-ல் 10,043 பேர் ஆடினார்கள். முதல் பரிசு 1 கோடியே 21 லட்சம் டாலர். பரிசு ஒருவருக்கே போவதில்லை, ஏறக்குறைய 15 விழுக்காட்டினருக்குப் பிரிகிறது. அதனால் சிப்ஸ் இரட்டிப்பானால் அதன் பண மதிப்பு இரட்டிப்பாகாது. போனால் மட்டும் முழுசாகப் போகும். முதல் நாளிலேயே ஒரு ஜோடியை நம்பி மொத்தத்தையும் தள்ளச் சொல்கிறவர்கள் இதை எங்கே எண்ணினார்கள்?

என் தம்பி மகனைப் பார்த்தால் ஏஸ் வந்தால் என்ன செய்வாய் என்று இனிமேல் கேட்காதீர்கள். கடைசி இருக்கையில் 4 ஜோடி வந்து, முன்னால் ஒருவன் 500 வைத்திருந்தால் என்ன செய்வாய் என்று கேளுங்கள்.