கீழே கடை, மேலே வீடு: இந்தக் கட்டடம் எந்தக் கணக்கில்?

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி செம்பாக்கம் வரை வண்டியில் போகிறவர்கள் இப்படி ஒரு கட்டடத்தையாவது பார்க்காமல் இருக்க முடியாது. கீழே ஷட்டர் போட்ட கடை. முதல் மாடியில் டியூஷன் சென்டர். இரண்டாவது மாடியில் ஓனர் குடும்பம். மொட்டை மாடியில் துணி காய்கிறது. சரி, இது வீடா, கடையா, பள்ளிக்கூடமா?

கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால் ஆபீசுக்கு ஆபீஸ் பதில் வேறு! ஈபிக்குச் சந்தேகமே இல்லை. கடைக்கு ஒரு கட்டணம், வீட்டுக்கு ஒரு கட்டணம். சொத்து வரியிலும் குடியிருப்பு வேறு, வணிகம் வேறு. காசு வசூலிக்கிற இடத்தில் வகை பிரிப்பது கச்சிதமாக நடக்கிறது. உயிரைக் காக்கிற இடத்தில் மட்டும் அது பெரும்பாலும் பிளான் அப்ரூவல் வாங்கிய நாளோடு நின்றுவிடுகிறது.

விதி இல்லாமல் இல்லை. 2016ம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, பயன்பாட்டை வைத்துக் கட்டடங்களை 9 வகையாகப் பிரிக்கிறது: குடியிருப்பு, கல்வி, மருத்துவமனை போன்றவை, கூட்டம் கூடும் இடங்கள், அலுவலகம், கடை, தொழிற்சாலை, கிடங்கு, அபாயகரமானவை. ஒரே கட்டடத்தில் இரண்டு மூன்று கலந்திருந்தால்? தீ தாங்கும் சுவரும் தளமும் வைத்து முறையாகப் பிரித்திருந்தால் தப்பிக்கலாம். இல்லையென்றால் இருப்பதிலேயே கடுமையான விதிதான் மொத்தக் கட்டடத்துக்கும். நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 1893ன் 2016 பதிப்பும் இதே வழியில்தான் போகிறது. அதில் பள்ளிக்கூடத்துக்கு முக்கியத்துவ எண் 1.5, சாதாரண வீட்டுக்கு 1. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தால் பெரிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார்? பாரக் கணக்கைப் பாருங்கள். ஐ.எஸ். 875ன்படி வீட்டு அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கினால் போதும். சில்லறைக் கடைக்கு 400. சரக்குக் கிடங்குக்குக் குறைந்தது 750. பத்துக்குப் பத்து ரூம் ஒன்றில் இது சுமார் 1.9 டன்னுக்கும் 7 டன்னுக்கும் உள்ள வித்தியாசம். பெட்ரூமுக்குப் போட்ட தளத்தில் மூட்டைகளை அடுக்கினால் என்ன ஆகும்? கடை தரைத்தளத்தில்தானே, பாரம் மண்ணுக்குப் போய்விடுமே என்பார்கள். உண்மைதான். ஆனால் பழைய செங்கல் வீட்டில் ஷட்டர் வைக்க இடிக்கிற முன்சுவர், மேல்மாடியைத் தாங்கிக்கொண்டிருந்த சுவராகவும் இருக்கலாமே!

அடுத்தது தீ. 2022 செப்டம்பர் 12 அன்று செகந்தராபாத்தில் கீழே மின்சார ஸ்கூட்டர் ஷோரூம், மேலே லாட்ஜ். தீ கீழே பிடித்தது, லாட்ஜில் தங்கியிருந்தவர்கள் புகையில் சிக்கினார்கள். 8 பேர் பலி. 2025 மே 18 அன்று ஹைதராபாத் குல்சார் ஹவுசில் கீழே கடைகள், மேலே வீடு. வெளியேற ஒரே குறுகிய வழி. 17 பேர் இறந்தார்கள், அதில் 8 பேர் குழந்தைகள். இரண்டு இடத்திலும் மேலே தூங்கியவர்களுக்கும் கீழே இருந்த வியாபாரத்துக்கும் சம்பந்தம் இருந்ததோ இல்லையோ, படிக்கட்டு ஒன்றுதான்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது பழகிய விஷயம். மூலதனச் செலவை வருவாய்ச் செலவில் எழுதினால் அது விதிப்பிழை. ஆனால் இருப்பாய்வு அழகாகச் சமன்படும், பிழை வெளியே தெரியாது. கட்டடத்தைத் தவறான வகையில் வைப்பதும் அப்படித்தான். வாடகை வருகிறது, வரி கட்டியாகிறது, எல்லாம் சமன். தெரிய வரும் நாளில் திருத்தப் பதிவு போட முடியாது.

கீழே கடை இருப்பதே தப்பு என்று சொன்னால் அது அநியாயம். நடந்துபோகிற தூரத்தில் மருந்துக்கடை இருப்பது நல்லது. ரிட்டயர் ஆனவருக்கு அந்த வாடகைதான் மாதச் செலவு. 'இன்னொரு சர்டிபிகேட் என்றால் இன்னொரு லஞ்சம்' என்ற பயமும் பொய்யில்லை. இந்தச் சிரமங்களைப் பார்த்துத்தான் அரசும் 2024ல் 8 வீடுகள், 750 சதுர மீட்டர் வரையுள்ள குடியிருப்புகளுக்குக் கட்டட நிறைவுச் சான்றிதழ் தேவையில்லை என்று தளர்த்தியது. ஆனால் அந்தச் சலுகை 'குடியிருப்பு' என்ற பெயருக்குக் கிடைத்தது. நாளைக்கு அதே கட்டடம் டியூஷன் சென்டரானால் சலுகையும் கூடவே போக வேண்டாமா?

1971ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம், பயன்பாட்டைப் பெரிதாக மாற்றுவதையும் அனுமதி தேவைப்படும் 'மேம்பாடு' என்றே கணக்கில் எடுக்கிறது. ஆகவே புதுச் சட்டம் வேண்டாம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. வீட்டு மின் இணைப்பு வணிகத்துக்கு மாறும்போது அந்தத் தகவல் தானாகவே மாநகராட்சிக்குப் போகட்டும். செம்பாக்கம் 2021லிருந்து தாம்பரம் மாநகராட்சியில்தானே இருக்கிறது.

2. தொழில் உரிமம் தருமுன் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் தளம், சுவர், படிக்கட்டு மூன்றையும் பார்த்துக் கையெழுத்திடட்டும்.

3. மேலே ஆட்கள் தூங்குகிற கட்டடமென்றால், கடை வழியாக வராத தனிப் படிக்கட்டு கட்டாயம்.

செலவு ஆகும், வாடகையும் கொஞ்சம் ஏறும். பரவாயில்லை. வணிகக் கட்டணம் வாங்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு வணிகக் கட்டடம் எது என்று தெரியாது என்பதை எப்படி நம்புவது? நீங்களே சொல்லுங்கள்.