கம்ப்யூட்டர் சர்டிபிகேட்டுக்குப் பணம் கட்டலாமா?



அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். மகன் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறானாம். "ஆறு மாசம் கம்ப்யூட்டர் கோர்ஸ், அஞ்சு சர்டிபிகேட், அப்புறம் வேலை நிச்சயம்" என்று ஒரு இடத்தில் சொன்னார்களாம். பீஸ் 55 ஆயிரம். சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டிவிடலாமா என்று கேட்கிறார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நிறையத் தகுதி உண்டு. படிப்பினால் அல்ல, நான் பிளஸ் டூவோடு நின்றவள். பட்டதனால்!

2023-ல் என் மூத்த பெண் பி.எஸ்ஸி. கணிதம் முடித்தாள். எங்கள் ஊரிலேயே ஒரு இன்ஸ்டிட்யூட். வாசலில் பெரிய போர்டு, உள்ளே ஏ.ஸி., டை கட்டிய ஒரு பையன் என்னை "மேடம்" என்று கூப்பிட்டு ஜில்லென்று மோர் வேறு கொடுத்தான். "நல்லா விசாரிச்சியா?" என்று எங்க வீட்டுக்காரர் கேட்டார். "எதிர் வீட்டுப் பிள்ளையே சேர்ந்திருக்குங்க" என்றேன். அதுதான் என் விசாரணை! அம்மா போட்ட இரண்டு வளையல்களை பாங்கில் வைத்து 42 ஆயிரம் கட்டினேன்.

ஆறு மாதத்தில் ஐந்து சர்டிபிகேட்டும் வந்தது. தங்கக் கலரில் ஓரம், நடுவில் முத்திரை. லாமினேட் பண்ணி பூஜை அறையில் வைத்துக் குங்குமம் இட்டேன். சிரிக்காதீர்கள், நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

பிறகு சென்னையில் ஒரு இன்டர்வியூ. ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் பராமரித்துக் கொடுக்கிற கம்பெனி. அங்கிருந்த அதிகாரி பைலைப் புரட்டிப் பார்த்து மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "ஒரு கம்ப்யூட்டர்ல நெட் வரலை. அட்ரஸைப் பார்த்தா 169.254-னு ஆரம்பிக்குது. என்ன செய்வேம்மா?" இவளுக்குத் தெரியவில்லை.

பின்னால் எனக்கும் அவளே விளக்கினாள். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு விலாசம் வேண்டுமாம். சாதாரணமாக ரௌட்டர் என்கிற பெட்டிதான் அதைக் கொடுக்கும். யாரும் கொடுக்கவில்லை என்றால் கம்ப்யூட்டர் தனக்குத் தானே 169.254 என்று ஒன்றை வைத்துக்கொள்ளுமாம். அப்படியானால் முதலில் ஒயர் சரியாகச் செருகியிருக்கிறதா, பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஸ் எரியவில்லை என்றால் அடுப்பைப் பிரிப்பதற்கு முன் சிலிண்டரைப் பார்ப்போமில்லையா, அவ்வளவுதான். ஐந்து சர்டிபிகேட் வாங்கிய பெண்ணுக்கு இதை ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பிள்ளைகள் உட்கார்ந்தால் கை எப்படிப் பழகும்?

அந்த அதிகாரி நல்ல மனுஷர். "இது அஞ்சுமே நீ படிச்ச இடம் கொடுத்ததும்மா. வெளியிலேருந்து யாராவது உன்னைப் பரீட்சை பண்ணியிருக்காங்களா?" என்று கேட்டு அனுப்பினாராம்.

அதைக் கேட்டதும் எனக்குப் பளிச்சென்று என்னுடைய டைப்ரைட்டிங் லோயர் ஞாபகம் வந்தது. கற்றுக்கொடுத்தது தெருமுனை இன்ஸ்டிட்யூட். ஆனால் பரீட்சை வைத்ததும் சர்டிபிகேட் கொடுத்ததும் அரசாங்கத்துத் தொழில்நுட்பக் கல்வித் துறை. எங்க மாஸ்டருக்கு நான் எவ்வளவு செல்லமாக இருந்தாலும் தப்பாக அடித்தால் பெயில்தான். அதனால்தான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு. பீஸ் வாங்குகிறவரே பாஸும் போட்டால் அது ரசீது மாதிரிதானே!

கம்ப்யூட்டரிலும் அப்படி வெளியார் வைக்கிற பரீட்சைகள் இருக்கின்றன. காம்ப்டியா என்கிற அமெரிக்க அமைப்பின் ஏ ப்ளஸ் ஒன்று. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது, சிஸ்டம் போடுவது இதெல்லாம் அதில் வரும். இரண்டு பேப்பர் எழுத வேண்டும், அமெரிக்காவில் ஒரு பேப்பருக்கே 250 டாலருக்கு மேல். சிஸ்கோ கம்பெனியின் சி.சி.என்.ஏ. இன்னொன்று, நெட்வொர்க் வேலைக்கு. 2020-லிருந்து அது ஒரே பரீட்சை, இரண்டு மணி நேரம், 300 டாலர். நம் பணத்தில் 25 ஆயிரத்துக்குக் குறையாது. இரண்டுமே மூன்று வருடம்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். டிகிரி மாதிரி காலத்துக்கும் சுவரில் மாட்டி வைக்கிற சமாச்சாரமில்லை.

இங்கேதான் நம்மை ஏமாற்றுகிறார்கள். "சி.சி.என்.ஏ. கோர்ஸ் முடித்தார்" என்பது வேறு, "சி.சி.என்.ஏ. பாஸ் செய்தார்" என்பது வேறு. முதலாவதை இன்ஸ்டிட்யூட்டே அடித்துக் கொடுக்கலாம். இரண்டாவதை சிஸ்கோதான் கொடுக்கும். என் பெண்ணிடம் இருந்தது முதலாவது. கட்டின 42 ஆயிரத்தில் அந்தப் பரீட்சைக்கான பீஸ் சேரவே இல்லை என்பது எங்களுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. கேட்டதற்கு, "அது ஆப்ஷனல் மேடம்" என்றான் அதே டை கட்டிய பையன். மோர் கொடுக்கவில்லை.

சரி, நிஜமான பரீட்சையை எழுதினால் வேலை நிச்சயமா? அப்படியும் இல்லை. பெரிய கம்பெனிகள் புதுப் பிள்ளைகளைத் தாங்களே பரீட்சை வைத்துத்தான் எடுக்கின்றன. டி.ஸி.எஸ். நடத்துகிற என்.க்யூ.டி. அப்படிப்பட்டதுதான். அங்கே கணக்கும் யோசிக்கிற திறமையும்தான் பேசும். புரோகிராம் எழுதுகிற வேலைக்கு ஏ ப்ளஸ் எதற்கு? கம்ப்யூட்டர் சப்போர்ட், நெட்வொர்க் என்கிற வேலைகளுக்குத்தான் இவை உதவும். அதுவும் நூறு விண்ணப்பத்தில் நம் பிள்ளையுடையதை எடுத்துப் பார்க்க வைக்கும், அவ்வளவே. உள்ளே போனால் கை பேச வேண்டும்.

கை பழக அதிகம் செலவாகவில்லை என்பதுதான் வேடிக்கை. என் தம்பி ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தான். பாவாடை தாவணி வயசில் நான் பாட்டியின் தையல் மிஷினைக் கழற்றிப் போட்டு அடி வாங்கினேன், இவள் அதை அவிழ்த்து மாட்ட, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்கோவே பாக்கெட் ட்ரேஸர் என்று ஒரு மென்பொருள் இலவசமாகக் கொடுக்கிறது. ரௌட்டர், ஒயர் எல்லாம் திரையிலேயே மாட்டிப் பழகலாம். ஐ.ஐ.டி.க்காரர்கள் நடத்துகிற என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கேட்கக் காசு கிடையாது, பரீட்சை எழுதினால்தான் பீஸ். கல்லூரியில் இன்னும் படிக்கிற பிள்ளைகளாக இருந்தால் அரசாங்கத்தின் 'நான் முதல்வன்' பயிற்சிகளைக் கல்லூரியிலேயே விசாரிக்கச் சொல்லுங்கள். 2022-லிருந்து நடக்கிறது. நான் கேட்கவில்லை, என் பெண்ணும் சொல்லவில்லை. அவளுக்கு அப்போது கடைசி வருஷம்.

எட்டு மாதம் வீட்டில் பழகியபிறகு திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை கிடைத்தது. சம்பளம் 14 ஆயிரம். அங்கே அந்த ஐந்து சர்டிபிகேட்டையும் யாரும் கேட்கவே இல்லை. ஓடாத பிரிண்டர் ஒன்றைக் காட்டி, "சரி பண்ணு" என்றார்களாம், பண்ணினாள். இப்போது மேலே போக வேண்டுமென்றால் சி.சி.என்.ஏ. வேண்டும் என்று அவளுடைய மேலதிகாரியே சொல்கிறார். "இந்தத் தடவை என் சம்பளத்துல கட்டறேம்மா, நீ வளையலைத் தொடாதே" என்கிறாள். தொடுவதற்கு அது வீட்டிலா இருக்கிறது!

அருப்புக்கோட்டை சகோதரிக்கு: சீட்டுப் பணம் இருக்கட்டும். முதலில் பையனை உட்கார வைத்து, அவன் போக நினைக்கிற வேலைக்கு வந்திருக்கிற பத்து விளம்பரங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றில் எந்தப் பரீட்சையின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் அந்த வேலைக்கு அது தேவையில்லை. பிறகு அந்த இன்ஸ்டிட்யூட்டுக்கு நீங்களே நேரில் போங்கள். பரீட்சை யார் வைக்கிறார்கள், அதன் பீஸ் இந்த 55 ஆயிரத்தில் அடக்கமா, ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு, பதிலை அவர்களுடைய லெட்டர் பேடிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரமாட்டேன் என்றால் மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.