செஸ்டர் இல்லாமல் லிங்கின் பார்க்கா? குரல் மாறினால் பேண்ட் மாறிவிடுமா?

லிங்கின் பார்க் 2026 ஜனவரியில் இந்தியா வருகிறது, மும்பையோடு பெங்களூரிலும் மேடை ஏறுகிறது என்று அறிவிப்பு வந்தபோது கோவை ராக் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி டிக்கெட் விலையையும் வந்தே பாரத் டைமிங்கையும் பார்க்க ஆரம்பித்தது. இன்னொரு கட்சி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "செஸ்டர் இல்லாம என்னங்க லிங்கின் பார்க்?"

இந்தக் கேள்வியைக் கிண்டல் செய்து ஒதுக்க முடியாது. 2000-ல் வந்த 'ஹைப்ரிட் தியரி' ஆல்பத்தை காலேஜ் ஹாஸ்டலில் சி.டி. தேயத் தேயக் கேட்ட தலைமுறைக்கு செஸ்டர் பென்னிங்டன் வெறும் பாடகர் இல்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாத கோபத்தையும் வலியையும் அவர் இவர்களுக்காகக் கத்திக்கொண்டிருந்தார். 2017 ஜூலை 20 அன்று 41 வயதில் அவர் இறந்தார். அந்த அக்டோபரில் நண்பர்கள் சேர்ந்து ஒரு நினைவு நிகழ்ச்சி நடத்தினார்கள். அதற்குப் பிறகு பேண்ட் ஏழு வருடம் மேடை ஏறவில்லை.

2024 செப்டம்பர் 5-ல் திரும்பி வந்தார்கள். செஸ்டர் நின்ற இடத்தில் 'டெட் சாரா' என்ற லாஸ் ஏஞ்சலிஸ் பேண்டைச் சேர்ந்த எமிலி ஆம்ஸ்ட்ராங் நின்றார். உலகம் முழுக்கச் சண்டை. செஸ்டரின் மகன் ஒருவரே பொதுவெளியில் கடுமையாக எதிர்த்தார். இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 15-ல், 'ஃப்ரம் ஜீரோ' என்ற புது ஆல்பம் வெளியானது.

ஜீரோ என்பது இந்த பேண்டின் முதல் பெயர். அப்போது அதில் பாடியவர் மார்க் வேக்ஃபீல்ட். அவர் விலகிய பிறகு, 1999-ல் அரிசோனாவிலிருந்து வந்து சேர்ந்தவர்தான் செஸ்டர். அதாவது, "இவர் இல்லாமல் பேண்டே இல்லை" என்று சொல்லப்படும் செஸ்டரும் ஒருவர் விட்டுப்போன இடத்துக்கு வந்த புது ஆள்தான். அந்தப் பழைய பாடகரை உலகம் கேட்டிருக்கவில்லை என்பதால் அன்றைக்கு யாரும் சண்டை போடவில்லை, அவ்வளவுதான்.

கோவைக்கு இந்தக் கதை புதிதல்ல. தமிழ் சினிமாவின் பாதி இந்த ஊர் ஸ்டுடியோக்களில் உருவான காலம் ஒன்று இருந்தது. அன்றைய சூப்பர் ஸ்டார் குரல் எம்.கே.தியாகராஜ பாகவதருடையது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை போய் 1947-ல் வெளியே வந்த அவருக்குப் பழைய இடம் கிடைக்கவே இல்லை. அந்தச் சமயத்தில் கோவைக்கு வாய்ப்பு தேடி வந்தவர் மதுரைக்காரரான டி.எம்.சௌந்தரராஜன். பாகவதர் பாணியில் பாடுவதுதான் அவர் கையிலிருந்த சரக்கு. சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டு 1950-ல் வெளியான ஜூபிடர் பிக்சர்ஸின் 'கிருஷ்ண விஜயம்' படத்தில் எஸ்.எம்.சுப்பையா நாயுடு அவரைப் பாட வைத்தார். கேட்டவர்களுக்கு அது பாகவதர் சாயல்.

அதே சுப்பையா நாயுடு 1954-ல், அதே கோவையில், பட்சிராஜா ஸ்டுடியோவின் 'மலைக்கள்ளன்' படத்தில் எம்.ஜி.ஆருக்காக டி.எம்.எஸ்ஸைப் பாட வைத்தார். இந்த முறை சாயல் இல்லை. எம்.ஜி.ஆருக்கென்றே ஒரு குரல் பிறந்தது. அதே வருடம் 'தூக்கு தூக்கி' வந்தது. 'பராசக்தி'யில் சிவாஜிக்குப் பாடியவர் சி.எஸ்.ஜெயராமன், அந்தக் குரல்தான் அவருக்குப் பொருத்தம் என்ற பேச்சு இருந்தது. 'தூக்கு தூக்கி'க்குப் பிறகு அந்தப் பேச்சு மெல்ல அடங்கியது. பதினைந்து வருடம் கழித்து, டி.எம்.எஸ். உச்சத்தில் இருந்தபோதே, 'அடிமைப்பெண்' படத்துக்காக இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்தை எம்.ஜி.ஆர். தேர்ந்தெடுத்தார். பையனுக்கு டைபாய்டு வந்தது. வேறு ஆளை வைத்து முடிக்காமல், குணமாகி வரும்வரை பாட்டை நிறுத்தி வைத்தார்.

சினிமாவும் ராக் பேண்டும் ஒன்றா என்று கேட்கலாம். நியாயம்தான். சினிமாவில் குரல் மாறினாலும் திரையில் அதே எம்.ஜி.ஆர். முகம் இருக்கும். பேண்டில் குரல்தான் முகம். அதனால்தான் ரசிகருக்கு வலி அதிகம். ஆனால் புது ஆள் எப்போது நிலைக்கிறார் என்ற கணக்கு இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கிறது. அவருக்கென்று புதுப் பாட்டு கிடைக்க வேண்டும்.

கொங்கு நாட்டுக் கோயில் நோம்பிகளில் மெல்லிசைக் கச்சேரி கேட்டவர்களுக்கு இது சட்டெனப் புரியும். ஒவ்வொரு ஆர்கெஸ்ட்ராவிலும் டி.எம்.எஸ். வாய்ஸுக்கு ஒருவர், எஸ்.பி.பி. வாய்ஸுக்கு ஒருவர் இருப்பார்கள். "அப்படியே அச்சா இருக்குதுங்க" என்பதுதான் அங்கே உச்சபட்சப் பாராட்டு. அதில் தப்பே இல்லை, அது ஒரு தனிக் கலை. ஆனால் ஒரு பேண்ட் பெரிய பாடகரை இழந்த பிறகு பழைய பாட்டுகளை மட்டும் அச்சு அசலாகப் பாடிக்கொண்டிருந்தால், அதுவும் ஆர்கெஸ்ட்ராதான். குவீன் இந்த விஷயத்தில் நேர்மையாக நடந்துகொண்டது. ஃப்ரெடி மெர்க்குரி இடத்தில் பாடுபவரைச் சேர்த்துக்கொண்டு 'குவீன் பிளஸ் ஆடம் லாம்பர்ட்' என்று போர்டு வைத்தது. அவரை வைத்து புது ஸ்டுடியோ ஆல்பம் எதுவும் போடவில்லை.

ஏ.சி.டி.சி. எதிர்த் திசையில் போனது. 1980 பிப்ரவரியில் பான் ஸ்காட் இறந்தார். ஜூலையில் பிரையன் ஜான்சன் குரலில் 'பேக் இன் பிளாக்' வந்துவிட்டது. உலகில் அதிகம் விற்ற ஆல்பங்களில் அது ஒன்று. நம் ஊர் உதாரணம் டெல்லியின் 'இந்தியன் ஓஷன்'. 2009 டிசம்பர் 25-ல் அசீம் சக்ரவர்த்தி இறந்தபோது, தபலாவும் குரலும் ஒரே ஆளிடம் இருந்ததால் பேண்டுக்கு இரட்டை இழப்பு. அவரைப் போல இன்னொருவரைத் தேடி அலையாமல் வேலையையே பிரித்தார்கள். தபலாவுக்கு துஹின் சக்ரவர்த்தி, பாட்டுக்கு ஹிமான்ஷு ஜோஷி. 2014-ல் 'தந்தனு' என்று புது ஆல்பமும் போட்டார்கள்.

இப்போது மூன்றாவதாக ஒரு வழி வந்திருக்கிறது. 2024-ல் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களை ஏ.ஐ. மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தினரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே ஆண்டு 'வேட்டையன்' படத்தில் மலேசியா வாசுதேவன் குரல் திரும்பி வந்தது. ஒரு தெலுங்குப் படத்தில் கேட்காமலேயே எஸ்.பி.பி. குரலைப் பயன்படுத்தியதாக அவருடைய மகன் எஸ்.பி.சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். விவாதம் முழுக்க அனுமதி, பணம் என்றே ஓடுகிறது. அந்தப் பாட்டைப் பாடியிருக்கக்கூடிய இருபத்திரண்டு வயதுப் பாடகர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு சென்ட்ரல் ஸ்டுடியோவில் இந்த மெஷின் இருந்திருந்தால் பாகவதர் குரலையே எடுத்து ஓட்டியிருப்பார்கள். டி.எம்.எஸ். மதுரைக்கு பஸ் ஏறியிருப்பார்.

லிங்கின் பார்க் அந்த மெஷினைத் தொடவில்லை. 2023-ல் வெளியிட்ட 'லாஸ்ட்' பாட்டு, 'மெட்டியோரா' ஆல்பக் காலத்தில் செஸ்டரே பாடி வைத்தது. பழைய ஹிட்டுகளை மேடையில் எமிலி தன் குரலில் பாடுகிறார், புது ஆல்பம் அவரை மனதில் வைத்தே எழுதப்பட்டது. 'ஒன் மோர் லைட்' பாட்டை மட்டும் தொடுவதில்லை. அது முதலில் வேறொருவரின் மரணத்துக்காக எழுதப்பட்ட பாட்டு. செஸ்டர் போன பிறகு ரசிகர்கள் அதை அவருக்கான பாட்டாக ஆக்கிக்கொண்டார்கள். மேடையில் வாசிக்க முடியாத அளவுக்கு அது சோகமாகிவிட்டது என்று ஒரு பேட்டியில் மைக் ஷினோடா சொல்லியிருக்கிறார்.