கணினி இடங்கள் பெருகுகின்றன, பசுமைப் பணிகள் காத்திருக்கின்றன: இயந்திரப் பொறியியல் படிப்பின் நிலை என்ன?

பேகம்பேட் (ஹைதராபாத்): மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக 2014-இல் பொறுப்பேற்ற சத்ய நாதெள்ளாவும், அடோபி நிறுவனத்தில் அதே பொறுப்பை 2007-இல் ஏற்ற சாந்தனு நாராயணும் படித்த ஹைதராபாத் பப்ளிக் பள்ளி பேகம்பேட்டில் அமைந்துள்ளது. பிள்ளையைக் கணினி அறிவியலில் சேர்க்க விரும்பும் பெற்றோர் முன்மாதிரியாகக் கருதும் பெயர்கள் இவை.

ஆனால், இருவருமே இளநிலைப் பட்டத்தைக் கணினி அறிவியலில் பெறவில்லை. நாதெள்ளா மணிப்பாலில் மின் பொறியியலும், நாராயண் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொறியியலும் பயின்றவர்கள். கணினி அறிவியலை இருவரும் பின்னர் அமெரிக்காவில் முதுநிலைப் படிப்பாகவே தேர்ந்தெடுத்தனர்.

இந்த வேறுபாடு இன்றைய சேர்க்கைக் காலத்தில் முக்கியத்துவம் பெறுகிறது. இயந்திரப் பொறியியல் எனப்படும் மெக்கானிக்கல் பிரிவுக்கான மாணவர் ஆர்வம் குறைந்துவரும் அதே காலத்தில், எரிபொருளையும் வெப்பத்தையும் அளந்து குறைக்கத் தெரிந்தவர்களைக் கட்டாயமாகக் கோரும் சட்டங்களும் சர்வதேச உடன்படிக்கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நடைமுறைக்கு வருகின்றன. வளங்குன்றா வளர்ச்சி என்பது புதிதாகச் சேர்க்கப்பட வேண்டிய தனிப்பாடம் அன்று. இயந்திரப் பொறியியலின் பழைய பாடங்களுக்குள்ளேயே அது அடங்கியிருக்கிறது என்பதை இந்த மாற்றங்கள் உணர்த்துகின்றன.

பேகம்பேட்டைச் சுற்றியுள்ள பாடங்கள்

இதற்கான எடுத்துக்காட்டுகளைத் தேடி பேகம்பேட்டிலிருந்து நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2008 மார்ச்சில் பயணிகள் விமானச் சேவை ஷம்ஷாபாத்துக்கு மாற்றப்பட்ட பிறகும், பேகம்பேட் பழைய விமான நிலையத்தில் 'விங்ஸ் இந்தியா' விமானக் கண்காட்சி நடைபெற்று வருகிறது. இந்திய விமானத் துறை எதிர்கொள்ளும் பெரிய வினாக்களுள் ஒன்று எரிபொருள் பற்றியது. சர்வதேச விமானங்களுக்கான எரிபொருளில் 2027-இல் 1 சதவீதமும், 2028-இல் 2 சதவீதமும், 2030-இல் 5 சதவீதமும் மாற்று எரிபொருளைக் கலக்க மத்திய அரசு இலக்கு நிர்ணயித்துள்ளது.

பேகம்பேட் வழியாகச் செல்லும் மெட்ரோ ரயில் 2017 நவம்பரில் இயக்கத்துக்கு வந்தது. பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் இயக்க ஆற்றலை வெறும் வெப்பமாக வீணாக்காமல், மின்சாரமாக மாற்றி மீண்டும் மின்பாதைக்கே அனுப்பும் முறை இத்தகைய ரயில்களில் உள்ளது. இதே முறையின் மூலம் சேமித்த மின்சாரத்துக்காக டெல்லி மெட்ரோ ஐ.நா. திட்டத்தின் கீழ் கார்பன் வரவு பெற்றது குறிப்பிடத்தக்கது.

விமான நிலையத்துக்கு அப்பால் சில கிலோமீட்டர் தூரத்தில் போயின்பல்லி காய்கறிச் சந்தை உள்ளது. அங்கு நாள்தோறும் சேரும் சுமார் 10 டன் கழிவிலிருந்து ஏறத்தாழ 500 யூனிட் மின்சாரமும் 30 கிலோ உயிரி எரிபொருளும் கிடைப்பதாகப் பிரதமர் நரேந்திர மோடி 2021 ஜனவரி 31-ஆம் தேதி 'மனதின் குரல்' உரையில் குறிப்பிட்டார். ஹைதராபாத்தில் உள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் இந்த ஆலை அமைக்கப்பட்டது.

அழுகிய தக்காளியும் கீரைத் தண்டும் அரைக்கப்பட்டு, கூழாக்கப்பட்டு, காற்றில்லாத கலனில் நுண்ணுயிர்களால் செரிக்கப்பட்டு எரிவாயுவாகின்றன. அந்த வாயு ஜெனரேட்டரை இயக்குகிறது. நுண்ணுயிர்களின் பணி வேதியியலாளரும் உயிரியலாளரும் அறிந்தது. அரைவை இயந்திரம், பம்பு, எஞ்சின், வெப்பப் பரிமாற்றம் ஆகியவை இயந்திரப் பொறியாளரின் களம். சிறிய எரிவாயு ஜெனரேட்டர்கள் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே மின்சாரமாக மாற்றுகின்றன. எஞ்சியது புகையோடும் குளிர்விக்கும் நீரோடும் வெளியேறுகிறது. அந்த வெப்பத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பது இரண்டாம் ஆண்டு மாணவர் படிக்கும் வெப்ப இயக்கவியலின் நேரடிக் கேள்வி.

சேர்க்கையில் நிகழ்ந்த மாற்றம்

இந்தப் பிரிவின் சரிவு திடீரென நேர்ந்ததன்று. பொறியியல் இடங்கள் குறித்து ஆராய, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் (ஏஐசிடிஇ) பி.வி.ஆர். மோகன் ரெட்டி தலைமையில் குழு அமைத்தது. வழக்கமான பிரிவுகளில் 40 சதவீத இடங்களே நிரம்புகின்றன என்றும், கணினி அறிவியல் உள்ளிட்ட பிரிவுகளில் 60 சதவீதம் நிரம்புகின்றன என்றும் 2018-இல் அக்குழு சுட்டிக்காட்டியது. 2020 முதல் புதிய இடங்களை உருவாக்க வேண்டாம் என்றும் பரிந்துரைத்தது. அதன்படி புதிய கல்லூரிகளுக்கு விதிக்கப்பட்ட தடை சில ஆண்டுகள் நீடித்தது.

பின்னர் நிலைமை மாறியது. 2024-25 கல்வியாண்டில், ஒரு பாடப்பிரிவில் சேர்க்கக்கூடிய மாணவர் எண்ணிக்கைக்கான உச்சவரம்பை ஏஐசிடிஇ நீக்கியது. கல்லூரிகள் கணினி சார்ந்த பிரிவுகளில் இடங்களைக் கூட்ட முனைந்தன. தெலங்கானாவில், பிற பிரிவுகளின் இடங்களைக் குறைத்துக் கணினி அறிவியல் இடங்களை உயர்த்தக் கோரிய கல்லூரிகள் சிலவற்றுக்கு மாநில அரசு அனுமதி மறுத்ததும், அதை எதிர்த்து அக்கல்லூரிகள் உயர் நீதிமன்றத்தை நாடியதும் இதன் தொடர்ச்சியே.

தமிழ்நாடும் இதற்கு விலக்கன்று. தமிழ்வழியில் பொறியியல் கற்பிக்க 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்த இரு பிரிவுகள் கட்டடவியலும் இயந்திரவியலுமே. சேர்க்கை குறைவைக் காரணம் காட்டி, 2023 மே மாதத்தில் உறுப்புக் கல்லூரிகளில் இந்தத் தமிழ்வழிப் படிப்புகளை நிறுத்திவைப்பதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததையடுத்து அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது.

மதிப்பெண்ணுக்கு வெளியே நிற்கும் சுற்றுச்சூழல்

உயர்கல்வியின் எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழல் கல்வி இடம்பெற வேண்டும் என்ற நிலைக்கு வழிவகுத்தது எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22-இல் பிறப்பித்த உத்தரவாகும். பொறியியல் பாடத்திட்டத்தில் அது தனியொரு பாடமாக நுழைந்தது. ஆனால், ஏஐசிடிஇ 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில், பட்டத்துக்குத் தேவையான 160 மதிப்பலகுகளில் சுற்றுச்சூழல் அறிவியலுக்கு ஒன்றுகூட ஒதுக்கப்படவில்லை. கட்டாயம் படிக்க வேண்டும். மதிப்பலகு கிடையாது என்பதே அதன் நிலை.

மறுபுறம், தேசிய அங்கீகார வாரியம் பொறியியல் பட்டதாரியிடம் எதிர்பார்த்த 12 திறன்களில் ஏழாவது, சுற்றுச்சூழலும் வளங்குன்றா வளர்ச்சியும் பற்றியதாகும். 2014-இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா நிரந்தர உறுப்பினரான பின், இத்தகைய திறன்கள் பட்டத்தின் சர்வதேச ஏற்புடனும் தொடர்புடையவையாகின.

திறன் கட்டாயம், மதிப்பலகு இல்லை என்ற இந்த முரண்பாட்டின் விளைவு வகுப்பறையில் தெரிகிறது. மதிப்பலகு இல்லாத பாடம் மாணவர் கவனத்தில் பின்தங்கிவிடுகிறது. அதைவிட முக்கியமாக, சுற்றுச்சூழல் என்பது காடு, ஆறு, மாசு பற்றிய பொதுப்பாடம் என்றும், கொதிகலனும் அமுக்கியும் வேறு என்றும் இரண்டாகப் பிரிந்து மனத்தில் பதிகிறது.

குளிர்சாதனத்தில் அடங்கிய கணக்கு

இவை இரண்டும் ஒன்றே என்பதற்கு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி தெளிவான சான்று. மத்திய அரசு 2019 மார்ச்சில் வெளியிட்ட இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம், நாட்டின் குளிரூட்டல் தேவை 2017-18-ஆம் ஆண்டை ஒப்பிட 2037-38-இல் சுமார் எட்டு மடங்காகும் என மதிப்பிட்டது. அதே காலத்துக்குள் குளிரூட்டலுக்கான ஆற்றல் தேவையை 25 முதல் 40 சதவீதம் வரை குறைக்கவும் இலக்கு வைத்தது.

குளிர்சாதனங்களில் சுழலும் குளிரூட்டி வாயுக்களும் புவி வெப்பமாதலுக்குக் காரணமாகின்றன. ஆர்-410ஏ என்ற வாயு, 100 ஆண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்ஸைடைவிட ஏறத்தாழ 2,000 மடங்கு வெப்பத்தைத் தேக்கக்கூடியது. ஆர்-32 வாயுவுக்கு இது சுமார் 675 மடங்கு. புரொப்பேன் எனும் ஆர்-290 வாயுவின் பாதிப்பு மிகச் சிறிது. ஆனால் அது எளிதில் தீப்பற்றும்.

எந்த வாயுவைத் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு நிரப்புவது, கசிந்தால் அறையில் தீ ஆபத்து எவ்வளவு, அமுக்கியின் மின்செலவு கூடுமா குறையுமா ஆகிய கேள்விகளை ஒருசேர எடைபோட வேண்டியுள்ளது. வாயுவின் பாதிப்பு குறைந்து மின்செலவு கூடினால், நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி வழியே அதே பாதிப்பு திரும்பி வரும். இந்தக் கணக்கைப் போடக் கற்றுத்தருவது குளிர்பதனவியல், வெப்ப மாற்றவியல் ஆகிய இயந்திரவியல் பாடங்கள்தாம்.

சட்டம் உருவாக்கும் தேவை

ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001-இன்படி, அதிக ஆற்றலைப் பயன்படுத்தும் ஆலைகள் சான்று பெற்ற ஆற்றல் மேலாளரை நியமிக்க வேண்டும். 2012 முதல் செயல்படும் ஆற்றல் திறன் இலக்குத் திட்டத்தைத் தொடர்ந்து, கார்பன் வரவு வணிகத் திட்டம் 2023 ஜூனில் அறிவிக்கை செய்யப்பட்டது. அலுமினியம், சிமென்ட், குளோர்-ஆல்கலி, காகிதக்கூழ் மற்றும் காகிதத் துறைகளுக்கான உமிழ்வு இலக்குகள் 2025 அக்டோபரில் வெளியாகின.

இதன் தாக்கம் தெலங்கானாவின் நல்கொண்டா, சூர்யாபேட்டை வட்டாரங்களில் உள்ள சிமென்ட் ஆலைகளையும், தமிழ்நாட்டின் அரியலூர் ஆலைகளையும் எட்டும். சிமென்ட் ஆலையின் உமிழ்வில் பாதிக்கும் மேற்பட்டது சுண்ணாம்புக்கல் சிதைவதால் ஏற்படுவது. எஞ்சியதில் பெரும்பகுதி சூளையில் எரியும் எரிபொருளுடையது. சூளையிலிருந்து வீணாகும் வெப்பத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் அமைப்பு, முழுக்க முழுக்க இயந்திரப் பொறியாளரின் வடிவமைப்பு.

ஏற்றுமதியாளர்களுக்கு அழுத்தம் வெளியிலிருந்தும் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் சரிக்கட்டல் முறை, 2023 அக்டோபரில் விவரம் சமர்ப்பிக்கும் கட்டமாகத் தொடங்கி, 2026 ஜனவரி 1 முதல் கட்டணம் சார்ந்த கட்டத்துக்குள் நுழைந்தது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் உள்ளிட்டவை இதன் வரம்பில் அடங்கும். ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு கார்பன் வெளியானது என்பதைச் சரிபார்க்கப்பட்ட அளவீட்டுடன் காட்ட இயலாத ஆலைக்கு, ஒன்றியம் நிர்ணயிக்கும் பொது மதிப்பே பொருந்தும். அது ஆலைக்குப் பாதகமாக அமையக்கூடும். அளக்கத் தெரிந்த பொறியாளர் இல்லாமை இங்கே நேரடிப் பணச்செலவாகிறது.

மறுபக்கம்

இத்தனைக்குப் பிறகும் மாணவர்கள் ஏன் விலகுகிறார்கள் என்ற கேள்விக்கு எளிய பதில் உண்டு. தொழிற்சாலைப் பணிகளில் தொடக்க ஊதியம் மென்பொருள் நிறுவனங்களைவிடக் குறைவாக இருப்பதும், பணியிடங்கள் நகரத்துக்கு வெளியே அமைவதும், ஷிப்டு முறையும் குடும்பங்களைத் தயங்க வைக்கின்றன. இயந்திரவியல் பட்டம் பெற்றவர்களே மென்பொருள் பணிக்குச் செல்வதும் வழக்கமாகிவிட்டது. கல்விக் கடன் பெற்றுப் படிக்கவைக்கும் குடும்பம் உடனடி வருமானத்தைப் பார்ப்பதைக் குறை கூற முடியாது.

சட்டம் உருவாக்கும் தேவை தானாகவே நல்ல ஊதியமாக மாறிவிடாது. இணங்காத ஆலைகள் மீது நடவடிக்கை எவ்வளவு உறுதியாக இருக்கும் என்பதைப் பொறுத்தே பணிகளின் தரமும் அமையும். பழைய பாடத்திட்டத்துக்குப் 'பசுமை' என்ற பெயரை மட்டும் ஒட்டி மாணவர்களை ஈர்க்கும் போக்கிலும் எச்சரிக்கை தேவை.

மாற்றத்துக்கான முயற்சிகளும் இதே நகரத்தில் உள்ளன. சங்காரெட்டி மாவட்டம் கந்தியில் இயங்கும் ஐஐடி ஹைதராபாத், கிரீன்கோ நிறுவனத்தின் ஆதரவுடன் வளங்குன்றா வளர்ச்சிக்கான தனிப் பள்ளியையும், காலநிலை மாற்றத்துக்கான துறையையும் ஏற்படுத்தியுள்ளது. ஹைதராபாத்தின் பசுமை வணிக மையக் கட்டடம் 2004 ஜூலையில் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாமால் திறந்துவைக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு வெளியே 'லீட் பிளாட்டினம்' தரச்சான்று பெற்ற முதல் கட்டடம் அது. எனினும், பெரும்பான்மை மாணவர்கள் படிப்பது இத்தகைய உயர் நிறுவனங்களில் அல்ல, இணைப்புக் கல்லூரிகளில்தான். மாற்றம் அங்கு எட்டுகிறதா என்பதே முக்கியம்.

கலந்தாய்வுக்கு முன் அறிய வேண்டியவை

இந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்க எண்ணும் மாணவர், பாடப்பிரிவின் பெயரைவிடச் சில விவரங்களைக் கேட்டறிவது பயன்தரும். அந்தப் பிரிவுக்குத் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் உள்ளதா? வெப்பவியல் ஆய்வகத்தின் கருவிகள் இயங்குகின்றனவா? ஆற்றல் தணிக்கை, குளிர்பதனம், புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆகியவை விருப்பப் பாடங்களாக உண்மையில் நடத்தப்படுகின்றனவா? இறுதியாண்டுத் திட்டப்பணியாக அருகிலுள்ள ஆலையிலோ, கல்லூரி விடுதிச் சமையலறையிலோ ஆற்றல் கணக்கெடுப்பு செய்ய வாய்ப்பு தரப்படுகிறதா? இவற்றோடு நிரல் எழுதும் திறனையும் வளர்த்துக்கொள்பவருக்கு இரு துறைகளிலும் வழி உண்டு.

காலக்கணக்கு ஒன்றும் கவனிக்கத்தக்கது. கிகாலி உடன்படிக்கைத் திருத்தத்தின்படி, எச்.எஃப்.சி. வகைக் குளிரூட்டி வாயுக்களின் பயன்பாட்டை இந்தியா 2032-இல் 10 சதவீதமும், 2047-இல் 85 சதவீதமும் குறைத்திருக்க வேண்டும். நிகர சுழிய உமிழ்வுக்கான ஆண்டாக இந்தியா அறிவித்திருப்பது 2070. 2026-இல் 18 வயதில் இயந்திரப் பொறியியலில் சேரும் மாணவர் 2030-இல் பட்டம் பெறுவார். 2047-இல் அவருக்கு வயது 39. 2070-இல் 62. நாடு ஏற்றுக்கொண்ட இந்தக் கெடுக்கள் அனைத்தும் அவருடைய பணிக்காலத்தை ஒட்டியே வருகின்றன. அப்போது தேவைப்படும் பொறியாளர்களின் எண்ணிக்கையை, இன்று இயந்திரவியலில் எத்தனை இடங்கள் காக்கப்படுகின்றன, அவை எவ்வாறு கற்பிக்கப்படுகின்றன என்பவையே தீர்மானிக்கும்.