தீர்மானமும் தாழ்ப்பாளும்

2010 ஜூலையில், பல்லேகல கிரிக்கெட் மைதானத்துக்கு முத்தையா முரளிதரனின் பெயரைச் சூட்டுவதென மத்திய மாகாண சபை தீர்மானித்தது. கண்டியில் பிறந்த ஒரு தமிழனை நாடே தன் மைந்தனாக ஏற்றதென்று நாம் புளகாங்கிதம் அடைந்தோம். இன்றும் போட்டி அட்டவணைகளில் அது பல்லேகல மைதானமே. போகட்டும், பெயர்ப்பலகைக்காக அழுவது நம் வேலையன்று. தீர்மானத்துக்கும் நடத்தைக்கும் உள்ள தூரத்தை அளக்க அதனினும் கொடிய அளவுகோல் அவ்வீதியிலேயே கிடக்கிறது.

மைதானத்தைக் கடந்து மகியங்கனை வீதியில் சென்றால் திகன. தாக்கப்பட்டுக் காயமுற்ற சிங்கள லொறிச் சாரதி ஒருவர் 2018 மார்ச் 3 அன்று இறந்தார். மார்ச் 5 அன்று திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தீக்கிரையாயின. எரிந்த வீடொன்றில் ஓர் இளைஞன் மாண்டான். மறுநாள் நாடெங்கும் அவசரகால நிலை.

பின்னர் அப்பகுதியில் யாரைக் கேட்டாலும் ஒரே விடை: “எங்கள் ஊரில் இன பேதமே இல்லை, வெளியூரார் வந்து செய்துவிட்டார்கள்.” வெளியூரார் வந்தது மெய்யே. ஆயின், எந்தக் கடை எவருடையது, எந்த வீட்டில் எவர் குடியிருக்கிறார் என்பது வெளியூராருக்கு எவ்வாறு தெரிந்தது?

பிறரை மட்டும் கேட்டு விலகுவது நமக்குச் சௌகரியம். 1983 ஜூலையில் கண்டியில் தமிழர் கடைகள் எரிந்ததை நாம் மறக்கவில்லை, மேடைதோறும் சொல்கிறோம். அப்படிப்பட்ட நாம் 2018இல் என்ன செய்தோம்? விளக்கை அணைத்தோம். தாழ்ப்பாளைப் போட்டோம். “இது அவர்களுக்குள் நடக்கும் சண்டை” என்று முணுமுணுத்தோம். ஊரடங்கு தளர்ந்ததும் கண்டன அறிக்கையில் முதலாவதாகக் கையொப்பமிட்டோம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரிச்சர்ட் லாபியர் 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியருடன் அந்நாட்டைச் சுற்றினார். சீனர்மீது வெறுப்பு மிகுந்திருந்த காலம் அது. அவர்கள் சென்ற 251 விடுதி, உணவகங்களுள் ஒன்றே ஒன்றுதான் அவர்களை மறுத்தது. பின்னர் அதே இடங்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டபோது, பதிலளித்தோரில் 100க்கு 90 பேருக்கு மேல் சீனரை ஏற்கமாட்டோம் என்றனர்! தாளில் வெறுப்பு, வாசலில் வரவேற்பு. நம் நிலையோ அதன் தலைகீழ். தாளில் சகோதரத்துவம், வாசலில் தாழ்ப்பாள். அந்த மார்ச் மாதத்தில் முஸ்லிம் அயலவரைத் தம் வீட்டுக்குள் அழைத்துக் காத்த சிங்களக் குடும்பங்களும் இருந்தன. அவர்களிடம் எவரும் அறிக்கை கேட்கவில்லை.

நாம் மாறிவிட்டோமா? நம்முள் ஒருவர் வகுப்பிலே சமத்துவத்தைச் சுவைபடப் போதிப்பவர். அவர் வீட்டின் மேல்மாடி வாடகைக்கு இருந்தது. இடமாற்றம் பெற்று வந்த முஸ்லிம் ஆசிரியை ஒருவர் விசாரித்தார். “எனக்கு ஆட்சேபமில்லை, வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டாரும் ஒரு மாதிரி” என்றார் நம் தோழர். ஆசிரியர் அறையில் நாமெல்லாம் அதைக் கேட்டோம். வினாத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம், ஒருவரும் தலை நிமிரவில்லை. அந்த ஆசிரியை இப்போது நாள்தோறும் இரண்டு பஸ் மாறி வருகிறார்.