துடைப்பம் எங்களுக்கு, சாவி உங்களுக்கா?

"மக்கள் பங்கேற்பு"ங்கிற வார்த்தையைக் கேட்டாலே இப்பல்லாம் எனக்குக் கடுப்பாகுது. ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு ஆத்தங்கரைப் பூங்காவுக்கு வரச் சொல்லுவாங்க. ஒரு டி-ஷர்ட், ஒரு ஜோடி கையுறை, ஒரு சாக்குப்பை. ரெண்டு மணி நேரம் பிளாஸ்டிக் பொறுக்கணும். அப்புறம் பேனர் முன்னாடி நின்னு போட்டோ. முடிஞ்சுது பங்கேற்பு! திங்கக்கிழமைலேர்ந்து அந்தப் பூங்காவைப் பத்தின எந்த முடிவுலயும் நமக்கு இடம் கிடையாது.

எங்க ஏரியால நடந்ததைச் சொல்றேன். மூணு வருஷமா தண்ணி ஊத்தி நாங்க வளர்த்த புங்கங்கன்னுங்களை, நடைபாதையை அகலப்படுத்தணும்னு கான்ட்ராக்டர் ஆளுங்க ஒரே நாள்ல பிடுங்கிட்டாங்க. கேட்டா, "ஒர்க் ஆர்டர்ல இருக்கு சார்"ங்கிறாரு சூப்பர்வைசர். அந்த ஒர்க் ஆர்டரை எங்க பாக்கலாம்னு கேட்டதுக்கு என்னை ஏற இறங்கப் பார்த்தாரு. நான் பொட்டி தட்டுறவன். எங்க பாஷைல சொன்னா, பக் வந்தா சரி பண்ணணும், ஆனா கோடைத் திறந்து பாக்க அனுமதி இல்ல. எந்தக் கம்பெனிலயாவது இப்படி வேலை நடக்குமா? (நடக்கும்னு சிலர் முணுமுணுக்குறது காதுல விழுது :-))

இதைச் சொன்னா உடனே ஒரு பதில் வரும்: "நம்ம ஜனங்க கைல குடுத்தா நாறடிச்சிடுவாங்க. படிச்ச, வசதியான ஊர்ல வேணா நடக்கும்." அப்படியா? அப்ப ஒரு ஏழைப்பட்ட ஊர்க் கதையையே எடுத்துக்குவோம்.

நியூயார்க்ல பிராங்க்ஸ் ஆறுன்னு ஒண்ணு, சுமார் 37 கிலோமீட்டர் நீளம். அது கடைசியா ஓடுற தெற்கு பிராங்க்ஸ், அமெரிக்காவுலயே ஏழ்மைக்குப் பேர் போன பகுதி. 1974ல அங்க தன்னார்வலர்கள் ஆத்துல இறங்கி டயரு, ஓட்டைக் காருன்னு இழுத்துப் போட ஆரம்பிச்சாங்க. அதோட நின்னிருந்தா நம்ம ஞாயித்துக்கிழமை கதைதான். ஆனா நிக்கல. கரையோரம் மூடிக் கிடந்த கான்கிரீட் ஆலை நிலத்தை நகர நிர்வாகம் ஏலம் விடப் பார்த்தப்ப, உள்ளூர் அமைப்புகள் சண்டை போட்டுத் தடுத்தாங்க. அந்த இடம் 2009ல பூங்காவாத் திறந்துச்சு.

முக்கியமான விஷயம் இனிமேதான். 2001ல ஊர்க்காரங்க அமைப்புகளும் அரசுத் துறைகளும் சேர்ந்து 'பிராங்க்ஸ் ரிவர் அலையன்ஸ்' ஆரம்பிச்சாங்க. அதோட செயல் இயக்குநரையே நகரப் பூங்காத் துறையோட பிராங்க்ஸ் ஆத்து நிர்வாகியாவும் ஆக்குனாங்க. அதாவது ஊர்க்காரங்க ஆளு, அரசாங்க நாற்காலில! 2007ல, ரெண்டு நூற்றாண்டுக்கு அப்புறம், அந்த ஆத்துல பீவர் ஒண்ணு வந்து கூடு கட்டுச்சு. நியூயார்க் பூங்காக்கள்ல செடியிலேர்ந்து பறிச்சுத் திங்கிறது விதிப்படி தப்பு. இந்தக் கான்கிரீட் ஆலைப் பூங்காவுல மட்டும் 2017ல உண்ணக்கூடிய செடிகளுக்குன்னே பாதை போட்டு, பறிக்கவும் விட்டாங்க. விதியையே வளைக்க வெச்சாங்கல்ல, அதுக்குப் பேர் பங்கேற்பு.

இப்ப நம்ம அடையாறுக்கு வாங்க. குப்பையும் கட்டட இடிபாடுமாக் கிடந்த 58 ஏக்கரை மீட்டு, 2011 ஜனவரில தொல்காப்பியப் பூங்காவாத் திறந்தாங்க. நல்ல வேலைதான், பறவைகள் திரும்ப வந்துச்சு, மறுக்கல. ஆனா அதுக்கப்புறம் பல வருஷம், முன் அனுமதி வாங்கிட்டுப் போன பிள்ளைங்களும் குழுக்களும்தான் உள்ள பாத்தாங்க. சதுப்பு நிலத்துல கூட்டம் கூடாதுங்கிறது சரி. ஆனா எத்தனை பேரு, எந்த நேரம், எவ்வளவு செலவுன்னு முடிவு பண்ற மேஜைல பக்கத்துத் தெருக்காரனுக்கு ஒரு நாற்காலி போட்டா பறவை பறந்துடுமா என்ன?

சட்டம் இல்லன்னும் சொல்ல முடியாது. 1992லயே 74வது அரசியல் சட்டத் திருத்தம் வார்டு கமிட்டியைப் பத்திப் பேசிடுச்சு. தமிழ்நாட்டுல வார்டு கமிட்டி, பகுதி சபைக்கான விதிகள் வந்தது 2022ல. முப்பது வருஷம்! வந்ததையாவது நாம பிடிச்சுக்க வேணாமா?

ஒரே ஒரு ஆட்சேபத்தை மட்டும் ஒத்துக்கறேன். குடியிருப்போர் சங்கத்து வாக்கிங் அங்கிள்கள் பூங்காவைப் பிடிச்சுக்கிட்டு, "இங்க கிரிக்கெட் ஆடாத, இங்க படுக்காத"ன்னு ஆள் பார்த்து விரட்டுற ஆபத்து நிஜம். அதனால கமிட்டில ஆத்தோரக் குடிசைக்காரங்க, வாசல்ல சுண்டல் விக்கிறவங்க, தோட்ட வேலை பாக்குற அக்கா, பந்து விளையாடுற பசங்க எல்லாரும் இருக்கணும். இல்லாட்டி அதுக்கு அதிகாரியே தேவலை.

அடுத்த தடவை யாராவது டி-ஷர்ட்டோட கூப்பிட்டா, போங்க. குப்பையும் பொறுக்குங்க. ஆனா கையுறையை மாட்டுறதுக்கு முன்னாடி மூணே மூணு கேளுங்க. இந்தப் பூங்காவுக்கு இந்த வருஷம் எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கு? ஒர்க் ஆர்டரை வாசல் போர்டுல ஒட்டுவீங்களா? அடுத்த கூட்டத்துல எங்களுக்கு ஓட்டு உண்டா?

பதில் வராட்டி பகுதி சபைல எழுந்து நின்னு இதே மூணையும் கேளுங்க. டி-ஷர்ட்டை அவங்களே வெச்சுக்கட்டும்.